கீழே இறங்கிய ஹாரன்

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "பாய், அந்த மலை வண்டிய எப்டி ஓட வெச்சீங்க?" யாரோ அதைப் போனில் வீடியோ எடுத்துப் போட்டதால் வந்த வினை இது. ஓட வைத்தது பெரிய விஷயமே இல்லை. எஞ்சினுக்குப் பெட்ரோலும் காற்றும் நெருப்பும் சரியான நேரத்துக்குக் கிடைத்தால் அது ஓடித்தான் ஆக வேண்டும், அதற்கு வேறு வழி கிடையாது. ஆனால் ஓடிக்கொண்டிருந்த அதே வண்டியை, மாலை போட்டு வாழை கட்டி ஊரே சுற்றி நிற்கும்போது, இறங்காது என்று சொல்லி நிறுத்தினேனே, அதைப் பற்றி உங்களில் ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். கடையை ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு வேறு என்ன வேலை.

கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் சாலையில் நான் கடை வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். அந்தக் கடையில் நான் எடுத்த கடைசிப் பெரிய வேலை அது. ஒருநாள் காலை ஓர் அம்மா ஒரு பலாப்பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கடைக்குள் வந்தார். பழத்தை வேலை மேசையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். பெயர் சின்னப்பொண்ணு. கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

"பெட்ரோல் வண்டி பாய். பழைய பிக்கப்பு. எங்க வூட்டுக்காரரு ஓட்னது. அவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கிச்சி. அதுலேர்ந்து கொட்டாயிலயே நிக்குது. நீங்க பாத்தா ஓடும்னு கச்சிராயபாளையத்துல சொன்னாங்க."

"எத்தினி வருசமா நிக்குதுங்க?"

"பொண்ணு பள்ளிக்கூடம் போய்க்கினு இருந்தா அப்ப. இப்ப அவளுக்குத்தான் கல்யாணம்."

எனக்கு அப்போதே பாதி உற்சாகம் போய்விட்டது. அவ்வளவு காலம் நின்ற எஞ்சின் உள்ளே துருவேறி இறுகிப் போயிருக்கும். பழைய வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள், ஒரு வேன் வாடகைக்கு எடுத்தால் கல்யாணம் முடிந்துவிடுமே என்று நாசூக்காகச் சொல்லிப் பார்த்தேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் என்னை மலையேற வைத்தது.

அவர்கள் ஊர், மலைப்பாதை ஏறி முடிகிற விளிம்பிலேயே இருக்கிறது. ஊர்க்கோடியில் நின்று பார்த்தால் கீழே கோமுகி அணையின் தண்ணீர் தெரியும். பாதை குண்டும் குழியுமாக இருந்த காலத்தில், போன் என்ற பேச்சே இல்லாத காலத்தில், அந்த ஊரில் இருந்த ஒரே வண்டி அவர் கணவர் பொன்னுசாமியின் பிக்கப். மரவள்ளிக் கிழங்கும் கடுக்காயும் ஏற்றுவார். ஆனால் ஊரில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தாலும், தாலி கட்டி முடிந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கீழே கொண்டுபோய் விடுவது அவர்தான். அடிவாரத்தில் கடைசி வளைவு தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டி மூன்று முறை நீளமாக ஹாரன் அடிப்பார். அந்தச் சத்தம் மலையேறி வந்து ஊருக்குக் கேட்கும். பெண் பத்திரமாக இறங்கிவிட்டாள் என்று அர்த்தம். அதன் பிறகுதான் பெண் வீட்டில் இலை போடுவார்கள். அதுவரை பெற்றவர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். யார் வைத்த வழக்கமும் இல்லை. அந்த வண்டி வந்த பிறகு தானாக ஏற்பட்டது.

"ஊர்ப் பொண்ணுங்கள எல்லாம் எறக்கி வுட்டாரு. இப்ப சொந்தப் பொண்ண எறக்கி வுட அவரு ஒடம்பு ஒத்துக்கல," என்றார் சின்னப்பொண்ணு. "வண்டிய எந்தம்பி ஓட்டட்டும். இவரு பக்கத்துல குந்திக்கினாவது கீழ வரைக்கும் போயி வரணும். அவருக்கு வாய் தெறந்து சொல்ல வராது பாய். ஆனா தெனம் கட்டிலு அந்தக் கொட்டாயப் பாத்துத்தான் கெடக்கணும். திருப்பிப் போட்டா கோவம் வந்துடும்."

"பாக்கறேங்க," என்றேன். நம் தொழிலில் இந்தச் சொல்லுக்கு ஆம் என்றும் அர்த்தமில்லை, இல்லை என்றும் அர்த்தமில்லை. முடியும் என்று சொல்ல நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்ளப் பழகுங்கள், உங்களுக்கு நல்லது.

ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு போனேன். நைனார்பாளையத்துக்காரன், ஒயரிங் வேலையில் கெட்டிக்காரன், என் கூட வேலை பார்த்தே எனக்கு நரைத்த அளவுக்கு அவனுக்கும் நரைத்துவிட்டது. வாய் மட்டும் அடங்காது. பஸ்ஸில் போகும்போதே, "பலாப்பழம் துன்னுட்டு மலயேறற மொத மெக்கானிக்கு நீதான் பாய்," என்று ஆரம்பித்துவிட்டான்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் எனக்குப் பகீர் என்றது. வண்டியின் முன்பக்கம் தடிமனான கயிறு கட்டி, அதன் மறுமுனையை ஒரு டிராக்டரில் மாட்டி வைத்திருந்தார்கள். டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்தவர் சின்னப்பொண்ணுவின் தம்பி கோவிந்தன். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் இழுத்தே தீர்த்துவிடலாம் என்கிற ரகம்.

"கியர்ல போட்டு ஒரு இழு இழுத்தா ஸ்டார்ட் ஆயிடும் பாய். நேத்தே இழுத்திருப்பேன். எங்கக்காதான் வுடல."

ஏன் விடவில்லை தெரியுமா? டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கிற வரை வண்டியை அசைக்கக் கூடாது என்று சின்னப்பொண்ணு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுவிட்டார். இறுகிப் போன எஞ்சினை டிராக்டரில் கட்டி இழுத்தால் உள்ளே ரிங் உடையும், அதற்கு மேலும் பிடிவாதம் பிடித்தால் ராடு வளையும். அந்த வண்டிக்கு அந்தச் சாமான் எல்லாம் இன்றைக்குத் தேடினால் எங்கே கிடைக்கும்? அன்றைக்கு அந்த எஞ்சினைக் காப்பாற்றியது நானில்லை. சீட்டில் உட்கார்ந்து எங்களை முறைத்துக்கொண்டிருந்த அந்தக் கோழிக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவன். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"கயித்த அவுத்துடுங்க. இழுக்கற வேலையே வேணாம்," என்றேன்.

"அப்ப இன்னாதான் பண்ணுவீங்க?"

"எண்ணெய ஊத்திட்டு சும்மா இருப்போம்."

கோவிந்தனுக்கு அது பிடிக்கவில்லை. சும்மா இருப்பதற்கு ஒரு மெக்கானிக் எதற்கு என்று நினைத்திருப்பார். பிளக்கைக் கழற்றி உள்ளே எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். பிறகு வாரத்தில் சில நாள் போய் வந்தோம். எஞ்சினைக் கையால் சுற்றுகிற ஹேண்டிலை முன்னால் போட்டு மெதுவாக அழுத்திப் பார்ப்பேன். அசையாது. மறுபடி ஊற்றுவேன். வண்டிக் கொட்டகைக்கு எதிரே கயிற்றுக் கட்டிலில் பொன்னுசாமி சாய்ந்து உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்ப்பார். இடது கை மடியில் கிடக்கும். வலது கை மட்டும், நான் ஹேண்டிலை அழுத்தும்போதெல்லாம், கட்டிலின் சட்டத்தை இறுகப் பிடிக்கும்.

எஞ்சின் அடம் பிடித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் ஏழுமலைக்கு வேலையில்லாமல் கை அரித்தது. ஒயரை எல்லாம் மாற்றிவிட்டு ஹாரனைப் பிரித்துத் துடைத்து பேட்டரியில் கொடுத்தான். அப்பப்பா, அந்தச் சத்தம். இப்போதைய வண்டி ஹாரன் மாதிரி கீச்சென்று காதைக் குத்தாது. எருமை ஒன்று அடிவயிற்றிலிருந்து கத்துகிற மாதிரி தடித்த சத்தம். சாமைக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் எல்லாம் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டார்கள். வந்து நின்றவர்களில் பாதிப் பேருக்குக் கண்ணில் தண்ணீர். அவர்களில் சிலருடைய மகள்கள் கீழே போய்ச் சேர்ந்ததை அந்தச் சத்தம்தான் வந்து சொன்னது. பொன்னுசாமி கட்டிலில் நிமிர்ந்து உட்கார முயன்றார்.

"எஞ்சினு ஓடல, ஹாரன் மட்டும் அடிக்குது. நல்லாருக்குது நம்ம தொழிலு," என்றேன் ஏழுமலையிடம்.

"நீ ஓட்டு பாய். வழி வுடச் சொல்லி நான் அடிக்கறேன்," என்றான்.

ஒருநாள் மதியம் ஹேண்டில் ஒரு விரல் அளவு நகர்ந்தது. அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எஞ்சினுக்கு அழுகிற ஆள் என்று ஏழுமலை இன்றைக்கும் என்னைக் கேலி செய்கிறான், செய்துவிட்டுப் போகட்டும். அதன் பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தது. கோழியும் குஞ்சுகளோடு இறங்கி சீட்டை எங்களிடம் ஒப்படைத்தது. பழைய டேங்க்கை நம்பாமல் ஒரு பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் ஊற்றி மேலே தொங்கவிட்டு ஸ்டார்ட் செய்தோம். இரண்டு முறை இருமிவிட்டு, கொட்டகை நிறையப் புகை கக்கிவிட்டு, எஞ்சின் ஓட ஆரம்பித்தது. நீங்கள் பார்த்த வீடியோ அதுதான். எல்லோரும் கை தட்டுவதோடு அது முடிந்துவிடுகிறது. என் வேலை அங்கேதான் ஆரம்பித்தது.

ஓடாத வண்டி யாரையும் கொல்லாது தம்பிகளா. ஓட ஆரம்பித்த பிறகுதான் அது ஆபத்தான பொருளாகிறது. நாலு சக்கரத்து பிரேக்கையும் பிரித்தோம். ரப்பர் எல்லாம் பிசினாக ஒட்டியிருந்தது. சேலத்திலிருந்து புது ரப்பர் வரவழைத்துப் போட்டோம். பிரேக்குக்குத் தாய் மாதிரி ஒன்று உண்டு, மாஸ்டர் சிலிண்டர். மிதியை மிதித்தால் எண்ணெயைத் தள்ளி நாலு சக்கரத்துக்கும் அனுப்புவது அதுதான். அதன் உட்சுவரில் துரு தின்ற பள்ளம் ஒன்று இருந்தது. இழைத்து வழவழப்பாக்கி, அதற்கும் புது ரப்பர் போட்டேன். ஆனாலும் என் மனசு ஒப்பவில்லை. வேறொன்று தேடித் தரும்படி சேலம் கடையில் சொல்லி வைத்தேன். கல்யாணத்துக்குள் வரும் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் நம்பவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் ஊருக்குள் ஓட்டிப் பார்த்தேன். பிரேக் போட்டதும் வண்டி நன்றாகவே நின்றது. கோவிந்தன் கூடவே உட்கார்ந்து வந்தார்.

"நாளைக்கு எறங்கிடலாம் இல்ல பாய்?"

"காலைல இன்னொரு தரம் பாக்கறேங்க."

"நின்னுதே. இன்னும் இன்னா பாக்கறது?"

வண்டியைக் கொட்டகையில் கொண்டுபோய் விட்டேன்.

மறுநாள் காலை ஊர்க் கோயிலில் தாலி கட்டு முடிந்தது. பெண் பெயர் வெண்ணிலா. மாப்பிள்ளை வீடு மலையடிவாரத்தில். வண்டிக்குக் கனகாம்பர மாலை போட்டு, முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பொன்னுசாமிக்குப் புது வேட்டி கட்டி, நாலு பேர் தூக்கி இடது பக்க சீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். சவரம் செய்து முகம் பளபளவென்று இருந்தது. நான் அந்த முகத்தைப் பார்க்காமல் ஸ்டியரிங் பக்கம் ஏறி, எஞ்சினை ஓட விட்டு, என் வழக்கமான சோதனையைச் செய்தேன்.

அது என் சொந்தப் பழக்கம். பிரேக் மிதியை ஒரே அழுத்தாக அழுத்தி, காலை எடுக்காமல் பிடித்துக்கொண்டு, மனசுக்குள் குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவை ஓதுவேன். நிதானமாக ஓதி முடிகிற வரை மிதி இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். "வண்டிக்கும் புண்ணியம், உனக்கும் புண்ணியம்," என்பான் ஏழுமலை. அன்றைக்குப் பாதி ஓதும்போதே மிதி என் காலுக்குக் கீழே மெல்ல இறங்கியது. சத்தமில்லை, ஒழுகலில்லை. தூங்குகிறவன் தலை சாய்வது போல மெதுவாகக் கீழே போனது. இரண்டு முறை விட்டு விட்டு மிதித்தேன், மேலே வந்து கல்லாக நின்றது. அழுத்திப் பிடித்தேன், மறுபடி இறங்கியது. அந்தத் துருப் பள்ளம் புது ரப்பரை ஒரே நாளில் அறுத்துவிட்டது.

கோவிந்தன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது ஒண்ணும் இல்ல பாய். ரெண்டு மிதி மிதிச்சா நிக்குது இல்ல? என் டிராக்டரு வருசக்கணக்கா அப்டித்தான் ஓடிக்கினு இருக்குது."

தம்பிகளே, நம் தொழிலில் கேட்கக் கூடாத ஒரு வாக்கியம் இருக்கிறது என்றால் அது இதுதான். ரெண்டு மிதி மிதிச்சா நிக்கும். சமதரையில் இரண்டாவது மிதிக்கு நேரம் உண்டு. கொண்டை ஊசி வளைவில், பின்னால் சுமை தள்ளும்போது, முதல் மிதி மட்டும்தான் உங்களுடையது. இரண்டாவது மிதி கிடைக்கும் என்று யாருக்கும் உத்தரவாதம் இல்லை.

இவ்வளவு தெளிவாக இப்போது எழுதுகிறேன். அந்த நேரத்தில் அப்படி இல்லை. மாப்பிள்ளை வீட்டார் ராகு காலம் வந்துவிடும் என்று அவசரப்படுத்துகிறார்கள். மேளக்காரர் வேறு நிறுத்தாமல் அடிக்கிறார். பெண் மாலையும் கழுத்துமாக நிற்கிறாள். என் மனசே எனக்கு எதிராக வாதாட ஆரம்பித்தது. முதல் கியரிலேயே இறக்கினால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும், ஹேண்ட் பிரேக் இருக்கிறது, நானே ஓட்டுகிறேன், எத்தனை வண்டி இறக்கியிருக்கிறேன். எல்லாம் நியாயமாகத்தான் பட்டது. நெருக்கடியில் உங்கள் மனசு எடுத்துக் கொடுக்கிற காரணம் எல்லாமே நியாயமாகத்தான் படும். ஏழுமலையைப் பார்த்தேன். எப்போதும் எதையாவது பேசிக்கொண்டிருக்கிறவன் வாயைத் திறக்காமல் நின்றான். அது போதும் எனக்கு.

"வண்டி எறங்காதுங்க," என்றேன்.

மேளம் நின்றுவிட்டது. கோவிந்தனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இத்தினி நாளா வேல பாத்துட்டு, மாலயெல்லாம் போட்ட பெறவு எறங்காதுன்றீங்க. சபையில மானத்த வாங்கறீங்களா? நீங்க எறங்குங்க பாய். நான் ஓட்டறேன். என் அக்கா பொண்ணு, எனக்கு இல்லாத அக்கறையா?"

கதவைத் திறந்து என் தோளில் கை வைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அக்கறையில்தான் கோபப்பட்டார். நான் இறங்கிவிட்டால் அவர் ஓட்டியிருப்பார், அதில் சந்தேகமில்லை. அப்போதுதான் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். பொன்னுசாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிதிச்சிப் புடிச்சா எறங்குதுங்க," என்றேன் அவரிடம். "நிக்க மாட்டேங்குது."

அவர் என் காலைப் பார்த்தார். ஒரு டிரைவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வலது கையை நீட்டினார். ஸ்டியரிங்குக்குக் கீழே தடவி, சாவியைத் திருப்பினார். எஞ்சின் அணைந்தது. சாவியை உருவி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக அவரே மடக்கி மூடினார். பிறகு கோவிந்தன் பக்கம் முகத்தைத் திருப்பி, ஒரே ஒரு சொல்லை மிகுந்த சிரமத்தோடு சொன்னார்.

"நிக்... கல."

கோவிந்தன் என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

நான் இந்தத் தொழிலில் நிறையப் பாராட்டு வாங்கியிருக்கிறேன். மாலை போட்டிருக்கிறார்கள், பிரியாணி போட்டிருக்கிறார்கள். அதெல்லாம் வண்டி ஓடியதற்காக. முடியாது என்று நான் சொன்னபோது அதையும் ஏற்றுக்கொண்டு என் பக்கம் நின்றவர்கள் மிகச் சிலர்தான். மற்றவர்கள் திட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். பொன்னுசாமிக்கு அந்த ஒரு பயணத்தைத் தவிர வேறு ஆசை இல்லை. அதைத் தன் கையாலேயே அணைத்துவிட்டு, என் சொல்லைக் காப்பாற்றிக் கொடுத்தார். நான் கும்பிடுகிற ஜாதி இல்லை, ஆனால் அந்த மனிதர் எதிரில் என் தலை தானாகக் குனிந்தது.

சின்னப்பொண்ணு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"வண்டி எறங்கலன்னா போவுது பாய். ஹாரன் எறங்குமா?"

எனக்கு உடனே புரியவில்லை. ஏழுமலைக்குப் புரிந்துவிட்டது. அதுவரை இறுகியிருந்த அவன் முகம் விரிந்தது.

"ரெண்டு நட்டு, ரெண்டு ஒயரு, அக்கா. ஜோரா எறங்கும்."

ஊருக்குள் பாதை சமமாக இருந்தது. இறக்கம் ஆரம்பிக்கிற விளிம்பு வரைக்கும் மட்டும் வண்டியைக் கொண்டுபோவதற்கு நான் சம்மதித்தேன். முதல் கியரில், ஹேண்ட் பிரேக்கில் கை வைத்தபடி, ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டினேன். வெண்ணிலா அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து வந்தாள். மாப்பிள்ளை பின்னால் நின்றுகொண்டு வந்தார். சக்கரத்துக்குக் கட்டை போட ஒரு ஆள் கூடவே நடந்து வர வேண்டும் என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் கோவிந்தன் ஒரு பெரிய மரக்கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு முன் சக்கரத்தோடு நடக்க ஆரம்பித்துவிட்டார். புதுப் பட்டு வேட்டியில் கட்டைச் செதில் எல்லாம் ஒட்டியது, அவர் தட்டிவிடக்கூட இல்லை.

விளிம்பில் நிறுத்தி, கட்டை போட்டு, எஞ்சினை அணைத்தோம். ஏழுமலை குனிந்து ஹாரனைக் கழற்றி ஒரு துண்டில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி எடுத்துக்கொண்டான். மாப்பிள்ளை வீட்டு வேன் தயாராக நின்றது. அதன் பேட்டரியில் இரண்டு ஒயரைக் கொடுத்து அடித்துவிடலாம்.

வெண்ணிலா இறங்கும் முன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, மூணு தரம் அடிக்கும். எண்ணிக்கோ. அதுக்கு முன்ன எழுந்து போவக் கூடாது."

"எங்க எழுந்து போவப் போறாரு," என்றார் சின்னப்பொண்ணு. அழுதுகொண்டே சிரித்தார்கள் இருவரும்.

பெண்ணையும் மாப்பிள்ளையையும், ஹாரனோடு ஏழுமலையையும் ஏற்றிக்கொண்டு வேன் வளைவில் மறைந்தது. நாங்கள் காத்திருந்தோம். கீழே அணைத் தண்ணீர் வெயிலில் மின்னியது. யாரோ, "போன் போட்டுக் கேக்கலாமே," என்றார்கள். ஒருத்தரும் போனை எடுக்கவில்லை. நான் நண்பகல் லுஹர் தொழுகையை அந்த மேட்டில் ஓரமாகத் துண்டு விரித்துத் தொழுதேன். தொழுது எழுந்து துண்டை உதறும்போது காற்று திசை மாறியது. அடியிலிருந்து அந்த எருமைக் குரல் கேட்டது. நீளமாக, நிறுத்தி, மறுபடி நீளமாக.

மூன்றாவது முறை அது ஒலித்தபோது பொன்னுசாமியின் வலது கை தானாக நீண்டு, ஸ்டியரிங்கின் நடுவில் இருந்த ஹாரன் பொத்தானை அழுத்தியது. சத்தமே வரவில்லை. மறுபடி அழுத்தினார். குழம்பிப் போய் என்னைப் பார்த்தார்.

"யோவ், ஹாரன் கீழ போயிருக்குது. இன்னாத்த அமுக்கற?" என்றார் சின்னப்பொண்ணு.

அவருக்குப் புரிந்தது. ஒரு பக்கத்து உதட்டால் சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"வாங்க பாய், எல போடலாம்," என்று சொல்லிக்கொண்டே சின்னப்பொண்ணு வீட்டைப் பார்த்து நடந்தார்.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் சேலத்திலிருந்து வேறு மாஸ்டர் சிலிண்டர் வந்தது. நானும் ஏழுமலையும் போய் மாட்டினோம், ஹாரனையும் அதன் இடத்தில் பொருத்தினோம். மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சூராவை ஒரு தரம் ஓதினேன், அடங்காமல் இன்னொரு தரமும் ஓதினேன். மிதி இருந்த இடத்தில் இருந்தது. கோவிந்தன் ஜன்னலோரம் நின்று, "இன்னொரு தரம் ஓதிடுங்க பாய், ஜாஸ்தியா இருந்தா தப்பில்ல," என்றார்.

அன்றைக்குப் பொன்னுசாமியைப் பக்கத்தில் உட்கார வைத்து வண்டியை நானே இறக்கினேன். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவர் வலது கால் தரையை அழுத்துவதைப் பார்த்தேன். நான் மிதிப்பதற்கு ஒரு நொடி முன்னால் அவர் மிதித்துவிடுவார். கடைசி வளைவு தாண்டியதும் ஓரம் கட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். நிறுத்தினேன். கை நீட்டி, பொத்தானை அழுத்தி, மூன்று முறை அடித்தார். மகள் வீட்டிலிருந்து ஓடி வருவது தூரத்தில் தெரிந்தது. மேலே சின்னப்பொண்ணு அதுவரை சாப்பிடாமல்தான் இருந்திருப்பார், எனக்குத் தெரியும்.

பொன்னுசாமி எஞ்சினை அணைத்தார். சாவியை உருவி, பழையபடி என் கைப்பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அவர் விரல்களை ஒவ்வொன்றாக நான் மடக்கி மூடினேன்.

"உங்களாண்டயே இருக்கட்டுங்க," என்றேன். "வண்டி நிக்குது."